மாப்பிள்ளையின் காரை முப்பது மில்லிமீட்டர் இறக்கியது பற்றி

என்றென்றும் என் மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். போனில் தாங்கள் "சாப்டாச்சா மாமா" என்பீர்கள், நான் "ஆச்சு மாப்பிள்ளை, நீங்க?" என்பேன், தாங்கள் "ஆச்சு மாமா" என்பீர்கள், அதோடு போன் உங்கள் அத்தை கைக்குப் போய்விடும். நாலு வருஷமாக நமக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நான் சொல்ல வேண்டிய விஷயம் அந்த மூன்று வரிக்குள் நுழையாது. கார் எப்படி இருக்கிறது என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

தாங்கள் வேலைக்காகக் கடல் தாண்டிப் போகும்போது தங்கள் காரை எங்கள் போர்ட்டிகோவில் விட்டு, ஒரு தாளில் பதினோரு குறிப்புகள் எழுதி, சாவியோடு சேர்த்து என் கையில் கொடுத்தீர்கள். வாரம் இரண்டு தடவை ஸ்டார்ட் செய்ய வேண்டும், பத்து கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், டயரில் காற்று பார்க்க வேண்டும், வெயிலில் உறை போட வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. ஸ்பிரிங்கை மாற்றக் கூடாது என்று அதில் எங்குமே இல்லை. நான் மூன்று தடவை படித்துப் பார்த்தேன். தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். இதை நான் ஏன் இங்கே சொல்கிறேன் என்று தங்களுக்கு இந்நேரம் லேசாகப் புரிந்திருக்கும். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள்.

ஓய்வு பெற்றவனுக்கு மத்தியானம் என்பது ரொம்ப நீளமான ஒரு சாமான். சாப்பிட்டுவிட்டுப் போர்ட்டிகோவில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதிரே நிற்கும் உங்கள் காரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மழை வருவதற்கு முன்னால் வானம் கொள்ளும் நிறம் அதற்கு. நிற்கும்போதே ஓடுவதுபோல இருக்கும். ஒரே ஒரு இடம்தான் கண்ணை உறுத்திற்று. சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவில் நாலு விரல் தாராளமாகப் போகிறது. நான் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் சமமாக வந்து நிற்க வேண்டும். சமமாக நின்றால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள், அஞ்சு மில்லி தூக்கி நின்றால் யாராவது தடுக்கி விழுவார்கள். அந்தப் பழக்கத்தில் எந்த இடைவெளியைப் பார்த்தாலும் என் மனசு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்விடும். போதாக்குறைக்கு, நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே வண்டியைத் துடைத்துக்கொண்டே, என்னிடம் இல்லை, பொதுவாகக் காற்றிடம், "இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருந்தா எவ்ளோ அழகா இருக்கும்" என்று சொன்னது என் காதில் இருந்தது. ஒருநாள் நாற்காலியில் அப்படியே கண் அயர்ந்தபோது ஒரு கனவு. கார் மெல்ல, சத்தமே இல்லாமல், ஒரு நல்ல லிஃப்ட் தளத்துக்கு வந்து சேர்வதைப்போல இறங்குகிறது. சரியாக அந்த இடைவெளி மூடுகிற இடத்தில் நிற்கிறது. ஒரு சின்னப் பெருமூச்சு, பிறகு கதவு தானாகத் திறக்கிறது. உள்ளே யாரும் இல்லை. விழித்துப் பார்த்தால் கார் பழைய உயரத்திலேயே நிற்கிறது. எனக்கு யாரோ என்னை ஏமாற்றிவிட்டதுபோல இருந்தது.

மறுநாள் உதிரிபாகக் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்மணி, மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, தையற்காரர் அளவு கேட்பதுபோலக் கேட்டார்: "எவ்ளோ இறக்கணும்? இருபதா, முப்பதா, நாப்பத்தஞ்சா?"

"முப்பது."

"நிறைய பேர் நாப்பத்தஞ்சு கேப்பாங்க. அப்புறம் ஆறு மாசத்துல வந்து முப்பது இருக்கான்னு கேப்பாங்க. நீங்க நேரா முப்பதுக்கு வந்துட்டீங்க." கொஞ்சம் மரியாதையோடு என்னைப் பார்த்தார். பிறகு, "வண்டி உங்களோடதா சார்?" என்றார்.

"குடும்பத்து வண்டி" என்றேன். மாப்பிள்ளை, இது பொய்யில்லை. ஆனால் அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் பணத்தை எடுத்து நீட்டிவிட்டேன்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்கள் அத்தை கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன். எனக்குக் கட்டிலுக்கு அடி என்பது மறைவிடம். அவளுக்கு அது தினமும் பெருக்குகிற இடம். அரைமணியில் பெட்டி கூடத்துக்கு வந்துவிட்டது. நாலு ஸ்பிரிங், நல்ல சிவப்பு, புதிது. அவள் ஒன்றைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னது இது, மெத்தைக்கா?"

"காருக்கு."

"கார்ல ஏற்கெனவே இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"கெட்டுப்போச்சா?"

"இல்ல."

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை. கேள்வியை நிறுத்திவிட்டு அவள் ஒரு பார்வை பார்ப்பாள். அது உங்களுக்கு இன்னும் பழக்கப்பட்டிருக்காது. இருபத்தாறு வருஷம் அச்சகத்தில் புரூஃப் திருத்தியவள் ஆயிற்றே. நான் அப்போது பெட்டிக்குள் இருந்த செய்முறைத் தாளை எடுத்து, "இத மட்டும் கொஞ்சம் படிச்சு சொல்றியா, எனக்குப் பொடி எழுத்து தெரியல" என்றேன். சமாதானத்துக்காகச் சொன்னதுதான். அவள் தாளை வாங்கி, நின்ற நிலையிலேயே முதல் வரியில் இரண்டு பிழை கண்டுபிடித்தாள். உள்ளே போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையை முன்சக்கரங்களிலிருந்து ஆரம்பித்தோம். நான் தரையில் கோணி விரித்துக்கொண்டு, அவள் என் சாய்வு நாற்காலியில் தாளை விரித்துக்கொண்டு. ஜாக் வைத்துத் தூக்கினேன், ஸ்டாண்டு வைத்தேன், சக்கரத்தைக் கழற்றினேன், ஷாக் அப்சார்பரை ஸ்பிரிங்கோடு சேர்த்து வெளியே எடுத்தேன். போர்ட்டிகோவின் ஒரு டைல் ஜாக்குக்கு அடியில் 'டப்' என்றது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மூணு முடிஞ்சுதா? நாலு படிக்கவா?" என்றாள். அவ்வளவு ஈடுபாடு. நாங்கள் இருவரும் ஒரே வேலையை ஒரே நேரத்தில் செய்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை மடித்ததுதான் கடைசி என்று தோன்றிற்று.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றுவதில் ஆபத்தான கட்டம் ஒன்றே ஒன்று. புது ஸ்பிரிங்கை இரண்டு கிளாம்பு போட்டு அமுக்கி, ஷாக்கின்மேல் உட்காரவைத்து, மேலே ஒரு நட்டை இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகுதான் கிளாம்பைத் தளர்த்த வேண்டும். நட்டு இல்லாமல் கிளாம்பைத் தளர்த்தினால் ஸ்பிரிங் எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. என் முகம்தான் நேர் மேலே இருந்தது. எனக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் மனசு லிஃப்ட் குழிக்குள் இருந்தது. ஒவ்வொரு லிஃப்ட் குழியின் அடியிலும் பெரிய ஸ்பிரிங்குகள் நிற்கும், லிஃப்ட் என்றைக்காவது தளம் தாண்டிக் கீழே வந்துவிட்டால் தாங்குவதற்காக. முப்பத்தோரு வருஷம் நான் அவற்றைத் துடைத்தேன், துரு பார்த்தேன், அளந்தேன், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். அந்த முப்பத்தோரு வருஷத்தில் என் கணக்கில் இருந்த ஒரு ஸ்பிரிங்கூட ஒருதரமும் அமுங்கவில்லை. அது நல்ல விஷயம்தான், அதற்காகத்தான் எனக்குச் சம்பளம். இருந்தாலும் அந்த இருட்டில், அந்த ஈரத்தில், வராத ஒன்றுக்காக நின்றுகொண்டே இருக்கிறதுகளே என்று சில நாள் அவற்றின்மேல் கைவைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போது என் கையில் இருந்த சிவப்பு ஸ்பிரிங் நாளைக்கே ரோட்டுக்குப் போகும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் அமுங்கும், எழும், வேலை செய்யும். அதை நினைத்து எனக்கு ஒரு மயக்கம்போல இருந்தது.

"ஏழு" என்று அவள் குரல் எங்கிருந்தோ கேட்டது. "கிளாம்புகளை மெதுவாகத் தளர்த்தவும்."

நான் ஸ்பானரைக் கிளாம்பில் மாட்டினேன்.

"எட்டு" என்றவள் நிறுத்திவிட்டாள். "ஏங்க. கைய எடுங்க."

"ஏன்?"

"கைய எடுங்கன்னேன்."

எடுத்தேன்.

"மேல் நட்டை முழுசா இறுக்கணும்னு எட்டாவதுல போட்டிருக்கு. நட்டு எங்க?"

நட்டு என் சட்டைப் பையில் இருந்தது.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, என்னையும் ஸ்பிரிங்கையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, தாளைக் காரின் பானெட்மேல் வைத்து, ஏழையும் எட்டையும் இடம் மாற்றி வளைகோடு போட்டாள். ஓரத்தில் ஏதோ எழுதினாள். அப்புறம் ரொம்ப மெதுவாகக் கேட்டாள்: "அச்சுல தப்பு வரும். உங்களுக்கே தெரியாதா இது?"

"தெரியும்."

"பின்ன?"

"கனவுல இருந்தேன்."

அவள் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, நான் முழுவதும் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.  அன்றைக்கு அதற்கு மேல் எந்த வரியையும் அவள் ஒருமுறையோடு விடவில்லை. இரண்டு முறை படித்தாள், முதலில் தனக்கு, பிறகு எனக்கு.

முன்பக்கம் முடிவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. பின்பக்கம் மறுநாளைக்கு. நடுவில் அந்த ஒரு ராத்திரி உங்கள் கார் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, கீழே விழுந்த காசைத் தேடுவதுபோல நின்றது. எதிர்வீட்டுப் பல் டாக்டர் தன் வாசலில் இருந்தே அதைக் கவனித்துவிட்டு, "வண்டிக்கு வயித்து வலியா சார்?" என்றார். நான் சிரித்துவைத்தேன். மறுநாள் பின்ஸ்பிரிங்குகளைப் போடும்போது உங்கள் அத்தை, "இடதுபக்கம் இருக்கிறதுல எழுத்து தலைகீழா இருக்கே" என்றாள். "ஸ்பிரிங்கு படிக்கிறதுக்கா, தாங்குறதுக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஜாக்கை இறக்கியதும் கார் மெல்ல வந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளை, நான் கனவில் கண்ட அதே மாதிரி. பெருமூச்சுகூட வந்தது, அது என்னுடையதா காருடையதா என்று சொல்ல முடியவில்லை. சக்கரத்துக்கும் வளைவுக்கும் நடுவில் இரண்டு விரல் மட்டும் போயிற்று. நாங்கள் இரண்டுபேரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தோம். பிறகுதான் உங்கள் அத்தை, வாசல் சரிவைக் காட்டி, "இது எப்படி வெளிய போகும்?" என்றாள்.

போகவில்லை. வாசலில் சரிவு முடிந்து தெரு ஆரம்பிக்கும் இடத்தில் பம்பரின் அடிப்பக்கம் 'கர்ர்' என்று ஒரு சத்தம் போட்டது. எனக்கு என் பல்லே தேய்ந்ததுபோல இருந்தது. (கீறல் இல்லை. அடியில் இருக்கிறது, படுத்தால்தான் தெரியும். நீங்கள் படுக்க வேண்டாம்.) பழைய புத்தக அலமாரியின் இரண்டு பலகைகளைக் கழற்றிப் போட்டுக் குறுக்காக இறக்கினோம். அவள் தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் செருப்பைக் கழற்றி பம்பருக்குக் கீழே நுழைத்து நுழைத்துப் பார்த்து, "வாங்க, வாங்க, செருப்பு போவுது, வாங்க" என்று சொல்ல, நான் அங்குலம் அங்குலமாக வந்தேன். தெருவே பார்த்தது. அவளுக்கு அதுபற்றிக் கவலையே இல்லை.

சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்க்கிற பட்டறைக்காரரை எல்லோரும் 'மூச்சு' என்பார்கள். எதைச் சொல்வதற்கு முன்னாலும் நீளமாக ஒரு மூச்சு விடுவார். காரைச் சுற்றி வந்தார், படுத்துப் பார்த்தார், எழுந்தார், மூச்சு விட்டார். "யாரு போட்டது?"

"நான்தான்."

இன்னொரு மூச்சு. "வேலை சுத்தமா இருக்கு. ஆனா பின்னாடி இடதுபக்க ஸ்பிரிங்கு தலைகீழா இருக்கு. அதுல எழுத்து போட்டிருப்பாங்களே சார், படிக்கலையா?"

நான் உங்கள் அத்தை பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தேவையும் இருக்கவில்லை. என் முதுகுக்கே அந்தப் பார்வை தெரிந்தது.

எல்லாம் சரிசெய்த பிறகு ஒரு விடிகாலையில் ஏரிக்கரை ரோட்டுக்குப் போனோம். வீட்டிலிருந்து அங்கே போவதற்குள் ஒன்பது ஸ்பீடு பிரேக்கர். ஒவ்வொன்றையும் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரன் அடித்து அடித்துக் களைத்து, கடைசியில் ஒரு பரிவோடு பின்தொடர ஆரம்பித்துவிட்டார். ஆனால் கரைக்கு ஏறியதும் ரோடு நேராக, நனைந்தாற்போல, ஒரு ஆளும் இல்லாமல் கிடந்தது. தண்ணீர்மேல் பனி படுத்திருந்தது. வண்டியைக் கொஞ்சம் விட்டேன். அது ஓடியது என்று சொல்ல முடியாது, ரோட்டின்மேல் வழிந்தது. வளைவில் சாயவில்லை. தரை அவ்வளவு பக்கத்தில் இருந்தது; கையை நீட்டினால் வெள்ளைக்கோட்டைத் தொடலாம்போல இருந்தது. வாழ்நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்க்கொண்டிருந்த ஒரு லிஃப்ட், ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் பக்கவாட்டில் கிளம்பிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. உங்கள் அத்தை கண்ணாடியை இறக்கி, ஓடுகிற தரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பயந்துவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகு சொன்னாள்: "எழுத்துமேல விரல் வச்சுப் படிக்கிற மாதிரி இருக்குங்க."

கரையின் கோடியில் நிறுத்தினோம். அவளால் இறங்க முடியவில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை, இருக்கையும் கிட்டத்தட்ட தரையிலேயே இருக்கிறது. நான் சுற்றிவந்து இரண்டு கையையும் பிடித்து இழுத்தேன். எழுந்தாள். எழுந்த பிறகும் கையை விடவில்லை, நானும் விடவில்லை. கொஞ்ச நேரம் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இதை நீங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் என்று நீங்கள் எழுதியிருந்தது அஞ்சு நாள் ஆகிவிட்டது என்பதையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி மூன்று வாரம் போயிற்று. அப்போதுதான் மகள் போன் செய்தபோது பேச்சுவாக்கில் சொன்னாள்: "அப்பா, இவர் தினமும் அந்தக் கார் போட்டோவ எடுத்து வச்சுப் பாத்துட்டே இருக்கார். கம்பெனிலேர்ந்து வந்த மாதிரியே ஒரு நட்டுகூட மாத்தாம வச்சிருக்கேன்னு இங்க எல்லார்கிட்டயும் பெருமை. நீங்க பாத்துக்கறீங்கன்னுதான் நிம்மதியா இருக்கேன்னார்."

மாப்பிள்ளை, அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் காற்றிடம் சொன்ன ஒரு வார்த்தையை நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். என்னிடம் நம்பிக் கொடுத்ததைக் கவனிக்கவில்லை. பிள்ளைபோல வந்தவரின் பொருளில் கேட்காமல் கைவைத்துவிட்டேனே என்று இரண்டு நாள் முழுக்க மனசு குடைந்தது. உங்கள் அத்தையிடம் சொன்னேன். அவள் ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்துவிட்டு, "மாத்திடுங்க, அவர் பொருள்" என்றாள். தாளை எடுத்துக் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குப் படித்தாள். நாங்கள் முந்தாநாள் வேலையை முடித்தோம். இப்போது உங்கள் கார் பழைய ஸ்பிரிங்கில், பழைய உயரத்தில், நீங்கள் விட்டுப்போனபடியே நிற்கிறது. நாலு விரல் போகிறது. சிவப்பு ஸ்பிரிங்குகளைத் துடைத்து, எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்துவிட்டேன். நான் சொல்லாமல் இருந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் நாளைக்கு நீங்கள் வந்து என்னிடம் நன்றி சொல்வீர்கள். அதை வாங்கிக்கொள்ள என்னால் முடியாது. அதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன். செய்ததற்கு மன்னிக்க வேண்டும். இனி அந்தப் பதினோரு குறிப்புகளைத் தாண்டி என் கை போகாது, இது உறுதி.

என் மகளுக்கு எங்கள் அன்பு. வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள், நீங்களும் சாப்பிடுங்கள். எங்களுக்கு வீடு வெறிச்சென்று இருக்கிறது. நீங்கள் இருவரும் திரும்பிவர இன்னும் அறுபத்திரண்டு நாள். உங்கள் அத்தை நாள்காட்டியில் தினமும் ஒன்றை அடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நோய்நொடி இல்லாமல், மனசில் ஒரு சுளிப்பும் இல்லாமல் நீங்கள் இருவரும் நூறு வருஷம் சேர்ந்து வாழ வேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்
மாமனார்

பி.கு.: மேலே உள்ளதை வியாழக்கிழமை எழுதினேன். அன்றைக்கே தபாலில் போட்டுவிடலாம் என்று உங்கள் அத்தையையும் ஏற்றிக்கொண்டு காரிலேயே கிளம்பினேன். ஸ்பீடு பிரேக்கர் ஒன்றுகூட இடிக்கவில்லை. வாசலில் பலகை தேவைப்படவில்லை. தபாலாபீஸ் வாசலில் அவள் கதவைத் திறந்து, யார் கையையும் பிடிக்காமல், தானாக இறங்கினாள். இறங்கியவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள். "ரொம்ப சுலபமா இருக்கு" என்றாள். அதை அவள் சொன்ன விதத்தைக் கடிதத்தில் எழுத முடியாது. நான் கடிதத்தைப் பெட்டியில் போடவில்லை. அப்படியே வீட்டுக்குத் திரும்பினோம். நான் கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் போர்ட்டிகோவில் கோணி விரித்திருந்தது, சிவப்பு ஸ்பிரிங்குகள் நாலும் எழுத்து நேராக இருக்கும்படி வரிசையாக நின்றன, அவள் நாற்காலியில் உட்கார்ந்து, "ஒண்ணு" என்று ஆரம்பித்துவிட்டாள்.

இன்று ஞாயிறு. நேற்று மாலை முடிந்தது. ஆகவே பழைய உயரம், நாலு விரல், உறுதி, மன்னிப்பு என்று நான் மேலே எழுதியது எதுவும் இப்போது நிலவரம் இல்லை. காலையில் ஏரிக்கரைக்குப் போய்விட்டுத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் அத்தை பக்கத்தில் நிற்கிறாள். உங்களிடம் ஒன்று கேட்கச் சொல்கிறாள், மகளுக்குத் தெரிய வேண்டாமாம்: உங்களுக்கு அங்கே வேலையை இன்னும் ஒரு ஆறு மாதம் நீட்டித்துக் கொடுப்பார்களா?